மூன்று வயதுக் குழந்தையோடு பழம் பறிக்கப் போன நாள்

தளிர்நடை எழுதியது:

மூன்று நாளாக மனத்தில் உறுத்திக்கொண்டிருப்பதை இங்கே இறக்கி வைக்கிறேன். மகளுக்கு வயது மூன்று முடிந்து நான்கு மாதம். பழமென்றால் உயிர். ஆனால் தட்டில் வெட்டி வைத்த துண்டுகளைத்தான் இதுவரை பார்த்திருக்கிறாள். செடியில் தொங்குவதைக் கண்ணால் பார்க்கட்டும், தன் கையால் பறிக்கட்டும் என்று ஆசைப்பட்டு ஒரு ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்கு அழைத்துப் போனோம். வருகிறவர்களே பறித்துக்கொள்ளும் தோட்டம் அது.

கிளம்பவே நேரமாகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை மணி, வெயில் ஏறிவிட்டது. வாசலில் கொடுத்த வாளி அவள் இடுப்புயரம் இருந்தது. பாத்தியோரம் உட்கார்ந்ததும் கைக்கு எட்டியதையெல்லாம் பறிக்க ஆரம்பித்தாள். முக்கால்வாசி வெள்ளைக் காய்கள். ஒருமுறை கொத்தாகப் பிடித்து இழுத்ததில் இரண்டு காய், ஒரு மொட்டு, ஒரு பூ, இலை என்று எல்லாம் கையோடு வந்துவிட்டன. அதை என்னிடம் நீட்டி, "அம்மா, பூ!" என்றாள்.

பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூச்சத்தில் நான் கத்திவிட்டேன். "சிவப்பை மட்டும் பறி என்று எத்தனை தடவை சொல்வது?" அவள் அழவில்லை. கொத்தை மெதுவாக மண்ணில் வைத்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை. நானும் கணவரும் வாளியை நிரப்பினோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அடியில் கிடந்தவை நசுங்கிச் சாறாகியிருந்தன. மேலே இருந்த நல்ல பழங்களைக் கழுவிக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

மறுபடி அழைத்துப் போக வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த வயதுக் குழந்தைகளோடு போனவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? எது பழுத்தது என்று மூன்று வயதுக்கு எப்படிப் புரியவைப்பது?

வரப்போரம் எழுதியது:

சகோதரி, நான் பழம் பயிரிடுகிறவன். பறிப்புக் காலத்தில் தோட்டத்தைக் குடும்பங்களுக்குத் திறந்துவிடுகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்குக் குறையாகப் பட்டவை இரண்டுதான்: பதினொன்றரை மணியும், அந்த வாளியும். குழந்தையிடம் எந்தக் குறையும் இல்லை.

முதலில் நேரம். பனி உலர்ந்ததும் காலையிலேயே பறிக்க வேண்டிய பழம் இது. வெயிலேறினால் பழத்துக்குள்ளேயே சூடு ஏறிவிடும். தொட்டாலே தோல் கன்றிப்போகும், மாலைக்குள் சுரம் வந்ததுபோல் துவண்டுவிடும். குழந்தையும் அப்படித்தான், பதினொன்றரைக்குப் பசியும் தூக்கமும் சேர்ந்து வந்துவிடும். அடுத்தது வாளி. ஸ்ட்ராபெரியை ஆழமான பாத்திரத்தில் போடவே கூடாது. மேலேயுள்ள பழத்தின் எடையே கீழேயுள்ளதை நசுக்கிவிடும். அகலமான, ஆழமில்லாத தட்டுக்கூடையில் இரண்டு மூன்று அடுக்கோடு நிறுத்துங்கள். குழந்தைக்குத் தனியாக ஒரு சிறு கிண்ணம் போதும். அது சீக்கிரம் நிரம்பிவிடும், நிரம்பியதைப் பார்க்கும் மகிழ்ச்சியும் அவளுக்குக் கிடைக்கும்.

பறிக்கும் முறையைச் சொல்கிறேன். பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. பழத்துக்கு மேலே, பச்சைத் தொப்பிக்குச் சற்றுத் தள்ளி, காம்பைக் கட்டைவிரல் நகத்தாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ள வேண்டும். பழம் உள்ளங்கையில் தானாக விழும். தொப்பி பழத்தோடேயே இருக்கட்டும், அதைப் பிய்த்தால் அந்தக் காயத்தின் வழியே அழுகல் நுழையும். வீட்டிலும் சாப்பிடும் நேரத்தில்தான் கழுவ வேண்டும். முன்கூட்டியே கழுவி வைத்தால் பூசணம் பிடிக்கும்.

பழுத்ததற்கு அடையாளம் கழுத்து. இந்தப் பழம் நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிவக்கிறது. நுனி சிவந்து, தொப்பிக்குக் கீழே வெள்ளையாக இருந்தால் அது செங்காய். தொப்பியைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். மாம்பழத்தையும் வாழையையும்போல் வீட்டில் வைத்துப் பழுக்கவைக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஸ்ட்ராபெரி பறித்த பிறகு பழுக்காது. நிறம் கொஞ்சம் கூடலாம், இனிப்பு கூடவே கூடாது. திராட்சை, செர்ரி, ஆரஞ்சு எல்லாம் இந்தச் சாதிதான்.

அந்தப் பூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூத்ததிலிருந்து பழுக்க ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். ஒரு பூ போனால் எனக்கு ஒரு பழம் போகிறது, உண்மைதான். ஆனால் குழந்தைகளுக்குத் தோட்டத்தைத் திறந்துவிடும் எவரும் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் திறந்துவிடுகிறார்கள். உங்கள் மகள் பூவை வீசி எறியவில்லை, கொண்டுவந்து உங்களிடம் காட்டினாள். நான் அங்கே இருந்திருந்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பூவின் நடுவிலிருக்கும் மஞ்சள் மேட்டைக் காட்டியிருப்பேன். அதுதான் பருத்துப் பழமாகிறது. நாம் விதை என்று சொல்லும் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தாவரவியல்படி ஒரு தனிக் கனி. ஒரு பழத்தில் ஏறக்குறைய இருநூறு இருக்கும். தேனீ சரியாக வந்து போகாத பூவில் சில புள்ளிகள் பருக்காமல் நின்றுவிடும், பழமும் ஒரு பக்கம் ஒடுங்கிக் கோணலாகும்.

குழந்தை வளர்ந்த பிறகு சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. 1714-ல் பிரெசியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் செடிகளைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். கப்பலில் தப்பிப் பிழைத்தவை எல்லாமே பெண் செடிகள். பூத்தன, காய்க்கவில்லை. வேறினச் செடிகள் அருகில் வந்த பிறகே காய்த்தன. அந்தச் சிலிச் செடியும் வட அமெரிக்கச் செடியும் கலந்து பிறந்ததுதான் இன்று நாம் பறிக்கும் பழம்.

இரட்டைக்கொலுசு எழுதியது:

எனக்கு இரட்டைப் பெண் குழந்தைகள், இப்போது ஆறு வயது. இரண்டரை வயதிலிருந்து ஆண்டுதோறும் போகிறோம்.

முதல் ஆண்டு நானும் உங்களைப்போல் வாளி நிறைய வேண்டும் என்ற எண்ணத்தோடு போய் எல்லோரையும் அழவிட்டேன். அதன் பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். குழந்தைக்கு அரைமணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி. அதற்குள் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு. வீட்டுக்கு நிறையப் பழம் வேண்டுமென்றால் பெரியவர்கள் மட்டும் இன்னொரு நாள் போகலாம். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் குழந்தை இடைஞ்சலாகத் தெரிவாள்.

வயிறு நிரம்பிய குழந்தையைக் கூட்டிப்போங்கள். மாற்றுடை இரண்டு, அகலத் தொப்பி, தண்ணீர், ஈரத்துணி கட்டாயம் வேண்டும். வெளிர்நிற உடை வேண்டாம், சாற்றுக்கறை போகாது. கழிப்பறை எங்கே என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். பாத்தியின் நடுவில் நிற்கும்போதுதான் கேட்பார்கள்.

நேர்கோடு எழுதியது:

எல்லோரும் தாயைத் தேற்றுகிறீர்கள். நான் மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பறிப்புக்கு அழைத்துப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சென்ற பருவத்தில் நான் போன தோட்டத்தில் ஒரு குழந்தை வரிசை நெடுக நடந்து, பழத்துக்கு ஒரு கடி கடித்துக் கீழே போட்டுக்கொண்டே போனது. பெற்றோர் சிரித்துப் படம் எடுத்தார்கள். பின்னால் வந்த வயதான தொழிலாளி ஒருவர் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டார். அது அவருடைய பல மாத உழைப்பு. நிலம் தயார்செய்து, நட்டு, களையெடுத்து, பறவைக்கு வலை கட்டிக் காத்ததை நாம் ஒரு காலைப்பொழுது விளையாட்டாகக் கெடுக்கலாமா? குழந்தைக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். தெரியாத வயதில் ஏன் அங்கே விட வேண்டும்? தொட்டியில் ஒரு செடி வளர்த்து வீட்டிலேயே காட்டலாமே.

வரப்போரம் எழுதியது:

நேர்கோடு ஐயா, அந்தத் தொழிலாளிக்காக நீங்கள் வருந்தியதற்கு என் நன்றி. எங்களைப் பற்றி அப்படி நினைப்பவர்கள் குறைவு.

ஆனால் என் தோட்டத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். சேதத்தில் பெரும்பங்கு பெரியவர்களால் வருகிறது. நடைபாதை இருக்கும்போதே குறுக்கு வழியாகப் பாத்தி மேல் ஏறி அடுத்த வரிசைக்குப் போகிறார்கள். ஸ்ட்ராபெரியின் உயிர் மண்ணையொட்டிய குருத்துமுடிச்சில் இருக்கிறது. அதை ஒருமுறை மிதித்தால் அந்தச் செடிக்கு அந்தப் பருவம் முடிந்தது. மிதிபட்ட மண் இறுகி வேருக்குக் காற்றும் இல்லாமல் போகும். கூடை நிரம்பிய பிறகு, இதைவிடப் பெரிய பழம் கிடைத்ததென்று முன்னே பறித்ததைக் கொட்டிவிட்டுப் போகிறவர்களும் பெரியவர்கள்தான்.

மூன்று வயதுக் குழந்தை எத்தனை பறிக்கும்? அரைமணியில் இருபது பழம். அதில் பத்து காயாகவே இருக்கட்டும். நான் ஓர வரிசையில் ஒரு துண்டைக் குழந்தைகளுக்கென்றே விட்டிருக்கிறேன். அங்கே நடைபாதை அகலம், வைக்கோல் மூடாக்கும் தடிமனாகப் போட்டிருக்கும். தளிர்நடை அவர்களே, அடுத்த தடவை போகும்போது, சிறு குழந்தை இருக்கிறது, எந்த வரிசையில் உட்காரலாம் என்று கேளுங்கள். பயிர் செய்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியே மனம் குளிரவைக்கும்.

மருந்துப்பெட்டி எழுதியது:

குழந்தைகள் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். யாரும் இன்னும் தொடாததைச் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்துவதற்காக அல்ல, நிம்மதியாகப் போய்வருவதற்காக.

எல்லாவற்றிலும் முதன்மையானது மூச்சுக்குழாய். முழுத் திராட்சை, செர்ரி, பெரிய புளூபெரி போன்ற உருண்டையான, வழுக்கும் பழங்கள் சின்னக் குழந்தையின் தொண்டையில் மூடிபோல் அடைத்துக்கொள்ளும். ஐந்து வயது வரை திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். செர்ரியின் கொட்டையை எடுத்துவிட வேண்டும். குறுக்கே இரண்டாக வெட்டினால் அதே வட்டம் அப்படியேதான் இருக்கும், பயனில்லை. தோட்டத்தில் வாயில் பழத்தோடு ஓடவிடாதீர்கள். சாப்பிடுவதென்றால் உட்கார்ந்து சாப்பிடட்டும். திராட்சைப் பந்தலுக்கோ செர்ரி மரத்துக்கோ போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

அடுத்து, கீழே விழுந்து புளித்த பழத்தைக் குளவி மொய்க்கும். குழந்தை முதலில் குனிவது அதை எடுக்கத்தான். விழுந்ததை எடுக்காதே என்று ஒரே ஒரு விதி வைப்பதானால் இதை வையுங்கள். மூடியில்லாத இனிப்புப் பானத்தையும் கொண்டுபோகாதீர்கள், குளவி உள்ளே இறங்கியது தெரியாமல் குடித்துவிடுவார்கள். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும், அதை எவ்வளவு விரைவாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. நகத்தால் சுரண்டி எடுத்து, சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள். கொட்டிய இடத்தில் மட்டும் வீங்கினால் கவலை வேண்டாம். உதடு, முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சிரைப்பது, திடீரென வாந்தி எடுத்துத் துவள்வது, இவற்றில் எது தெரிந்தாலும் ஒரு நொடிகூடக் காத்திராமல் அவசர உதவிக்கு அழையுங்கள்.

பல தோட்டங்களில் ஆடு, முயல், கோழி வைத்திருக்கிறார்கள். தொட்டு விளையாடட்டும். ஆனால் அதன் பிறகு சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கை கழுவாமல் பழத்தைத் தொடக் கூடாது. கைக்குத் தடவும் கிருமிநாசினி போதாது. அழுக்குக் கையில் அது சரியாக வேலை செய்யாது, விலங்கின் சாணத்திலிருந்து வரும் சில கிருமிகள் அதற்குச் சாவதுமில்லை.

ஸ்ட்ராபெரி தின்ற வாயைச் சுற்றிச் சிவந்து தடித்தால் பெற்றோர் ஒவ்வாமை என்று அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் அது பழப்புளிப்பு தோலில் பட்ட எரிச்சல். துடைத்தால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். வாயோடு நிற்காமல் உடம்பில் பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள். தோட்டத்தில் தேன் விற்றால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு துளிகூட நாக்கில் வைக்காதீர்கள்.

தளிர்நடை எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஐயா சொன்ன பூவின் மஞ்சள் மேட்டை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவள் காட்டியபோது நான் பார்க்கவே இல்லை.

இரண்டு கேள்விகள். செடியிலிருந்து பறித்ததும் வாயில் போடலாமா? "சிவப்பு" என்று சொன்னால் அவளுக்கு நுனி சிவந்ததும் சிவப்புதானே? அதை எப்படிப் பிரித்துச் சொல்வது?

வரப்போரம் எழுதியது:

முதல் கேள்விக்குப் பதில்: கழுவாமல் வேண்டாம். எந்தத் தோட்டமானாலும் கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் என்று கேளுங்கள். மருந்துக்கும் பறிப்புக்கும் இடையே இத்தனை நாள் விட வேண்டும் என்று மருந்துப் புட்டியிலேயே குறித்திருப்பார்கள். அதைக் காப்பவர் தயங்காமல் பதில் சொல்வார். மருந்தே அடிக்காத தோட்டத்திலும் மண், பறவை எச்சம், எலி உண்டு. ஒரு புட்டியில் குடிநீர் கொண்டுபோய்ப் பாத்தியோரமே கழுவிக் கொடுங்கள். தின்றதையும் கணக்கில் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

பிஞ்சுமொழி எழுதியது:

இரண்டாவது கேள்வி என் வேலையோடு தொடர்புள்ளது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறேன்.

"சிவப்பை மட்டும் பறி" என்பது நமக்கு எளிய வாக்கியம். குழந்தைக்கு அதில் மூன்று வேலை இருக்கிறது. நிறத்தைப் பார்க்க வேண்டும், மற்றதைத் தவிர்க்க வேண்டும், தவிர்ப்பதை நினைவில் வைத்துக்கொண்டே கையை அடக்க வேண்டும். இந்த வயதில் கையை அடக்குவதுதான் மிகக் கடினம். பார்த்ததும் கை போய்விடும். சொல்லைக் கேட்காமல் இல்லை, சொல் வந்து சேர்வதற்குள் கை முந்திவிடுகிறது. ஆனால் ஒன்றுபோல் இன்னொன்றைத் தேடுவதில் மூன்று வயதுக் குழந்தைகள் கெட்டிக்காரர்கள். ஆகவே நன்றாகப் பழுத்த ஒரு பழத்தை நீங்கள் பறித்து அவள் இடக்கையில் கொடுங்கள். "இதற்கு ஒரு தங்கை எங்கே இருக்கிறாள், பார்" என்று கேளுங்கள். கையில் இருப்பதைச் செடியில் இருப்பதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். விதி தேவையில்லை, பழமே ஒப்பிட்டுக் காட்டிவிடும்.

நம் மொழியில் இதற்கு எவ்வளவு சொற்கள்! பூ, பிஞ்சு, காய், செங்காய், பழம். வெயிலில் வாடி முற்றாமலே பழுத்தால் வெம்பல். ஒரே பாத்தியில் இவை அனைத்தும் ஒன்றாக இருக்கும். பிஞ்சைப் பார்த்து "இது இன்னும் தூங்குகிறது" என்று என் வகுப்புக் குழந்தை ஒருவன் தானே சொன்னான். பறிக்காதே என்று நான் சொல்லியிருந்தால் அவன் பறித்திருப்பான். தூங்குகிறது என்று அவனுக்கே தோன்றியதால் இலையை மூடிவிட்டு வந்தான்.

ஒரு செங்காயையும் ஒரு பழத்தையும் அடுத்தடுத்துக் கடிக்கக் கொடுங்கள். முகத்தைச் சுளித்துத் துப்புவாள், துப்பட்டும். மூக்கையும் பயன்படுத்துங்கள். பழுத்ததற்குத்தான் மணம் உண்டு, காய்க்கு இலைவாடை அடிக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குறை சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உண்டு, ஆண் குழந்தைகளிடம் அதிகம். நான்கு ஐந்து வயதிலும் ஒரு குழந்தை திரும்பத் திரும்பப் பச்சைக் காயையே பறித்தால் கோபப்படுவதற்கு முன் கண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள்.

இன்னொன்று, தோழி. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பழத்தைத் தொட்டதுதான் தப்பு என்று அவள் புரிந்துகொண்டாள். அடுத்த முறைக்குக் காத்திராமல் இன்றே சொல்லிவிடுங்கள்: "அன்றைக்கு அம்மா கத்தியது தப்பு. நீ காட்டிய பூ அழகாக இருந்தது." கனி இருக்கும் இடத்தில் காயைப் பறித்தது குழந்தை மட்டுமல்ல.

ஏணியடி எழுதியது:

பேரனுக்கு ஐந்து வயது. நாங்கள் போவது ஆப்பிள் தோட்டத்துக்கு. தாத்தாவாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆப்பிளை இழுத்துப் பறிக்கக் கூடாது. உள்ளங்கையை அடியில் கொடுத்து, தூக்கி, லேசாகத் திருக வேண்டும். முற்றியது காம்போடு பிரிந்து வந்துவிடும். வரவில்லையென்றால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, விட்டுவிட வேண்டும். பேரனுக்கு நான் கற்றுக்கொடுத்தது, "தூக்கிக் கேள், வருகிறேன் என்றால் கூட்டி வா." இந்த விளையாட்டில் அவன் என்னைவிடப் பொறுமைசாலி. பிடித்து இழுத்தால் பழம் தொங்கும் குட்டை முண்டும் சேர்ந்து பிய்ந்துவிடும். அடுத்த ஆண்டுப் பூமொட்டு அதில்தான் இருக்கிறது. வெளிக்கிளைப் பழங்கள் முதலில் முற்றும், உட்பக்கத்து நிழற்பழங்கள் பிந்தும். ஆகவே குழந்தையைத் தோளில் ஏற்றி உச்சிக்கு நீட்ட வேண்டிய தேவையே இல்லை. ஏணியில் குழந்தையை ஏற்றவே கூடாது. நான் ஏறினால் அவனும் ஏறுவான் என்பதால் நானும் ஏறுவதை நிறுத்திவிட்டேன்.

சந்தேகமாக இருந்தால் ஒன்றை வெட்டிப் பாருங்கள். விதை பழுப்பாக இருந்தால் முற்றியது, வெள்ளையாக இருந்தால் பிஞ்சுத்தன்மை போகவில்லை. வெட்டும்போது காம்பிலிருந்து நேராக வெட்டாமல் குறுக்கே வெட்டுங்கள். நடுவில் ஐந்து முனையுள்ள நட்சத்திரம் தெரியும், ஐந்து விதை அறைகள். முதல்முறை அதைப் பார்த்தபோது பேரன் இரண்டு பாதிகளையும் சேர்த்து மூடி, திறந்து, மூடி, திறந்து, ஏதோ விளக்கை அணைத்து ஏற்றுவதுபோல் செய்துகொண்டிருந்தான். அன்று நாங்கள் மொத்தம் ஏழு ஆப்பிள்தான் பறித்தோம். வீட்டில் தண்ணீர்த் தொட்டியில் போட்டான், எல்லாம் மிதந்தன. ஆப்பிளின் பருமனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காற்று. பேரிக்காயைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

பேரிக்காய்க்குக் கணக்கு வேறு. மரத்திலேயே பழுக்கவிட்டால் உள்ளிருந்து கனிந்து மாவாகிவிடும். கெட்டியாக இருக்கும்போதே பறித்து வீட்டில் பழுக்கவைக்க வேண்டும். குழந்தைக்கு அன்றே தின்ன வேண்டும் என்ற ஆசை இருந்தால் ஏமாந்துபோவான்.

எட்டும்கிளை எழுதியது:

குழந்தையின் உயரத்தைப் பார்த்துப் பழத்தைத் தேர்ந்தெடுங்கள். ஸ்ட்ராபெரி அவளுக்கு முழங்காலுயரம், ஆகவே நல்ல தேர்வு. புளூபெரி இன்னும் நல்லது, முள் இல்லை, நெஞ்சுயரத்தில் கொத்துக் கொத்தாக இருக்கும். ஆனால் நீலமாகிவிட்டதால் பழுத்துவிட்டது என்று பொருளில்லை, நீலமான பிறகும் சில நாள் பொறுக்க வேண்டும். காம்பருகே சிவப்பு வளையம் இருந்தால் புளிக்கும். கட்டைவிரலால் மெல்ல உருட்டினால் பழுத்தது மட்டும் உதிரும். மேலே வெண்சாம்பல் பூத்ததுபோல் இருப்பது மருந்தல்ல, பழத்தின் இயற்கை மெழுகு. அம்மாக்கள் பலர் அதைப் பார்த்துப் பதறுகிறார்கள். ராஸ்பெரி பழுத்திருந்தால் தொட்டதும் கழன்று வரும், நடுத்தண்டு செடியிலேயே நின்று பழம் விரல்தொப்பிபோல் குழிவாக இருக்கும். குழந்தைகள் பத்து விரலிலும் மாட்டிக்கொள்வார்கள். எலுமிச்சை வகைகளில் முள் உண்டு, கத்தரித்து எடுக்க வேண்டும், சின்னக் கைகளுக்கு ஏற்றதல்ல. மாங்காயில் காம்பு ஒடிந்ததும் பீய்ச்சும் பால் தோலைப் பொசுக்கும். அங்கே குழந்தை தள்ளி நின்று, ஆறிய பழத்தைக் கூடையில் அடுக்கட்டும்.

மழைச்சால் எழுதியது:

மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். ஈரத்தோடு பறித்த ஸ்ட்ராபெரியில் ஒரே இரவில் சாம்பல் பூசணம் ஏறும், ஒன்றிலிருந்து பக்கத்துப் பழத்துக்கும் தாவும். பாத்திச் சேறும் வழுக்கும்.

நேர்கோடு எழுதியது:

வரப்போரம் அவர்கள் எழுதியதை இரண்டுமுறை படித்தேன். குறுக்கே பாத்தியில் ஏறுவது பற்றி அவர் சொன்னது என்னைச் சுட்டது, நானும் அவசரத்தில் அப்படித் தாண்டியிருக்கிறேன். குருத்துமுடிச்சு பற்றித் தெரியாது.

குழந்தைகளை அழைத்துப் போகவே கூடாது என்பதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்றில் மாற மாட்டேன்: குழந்தை பறித்த காயும் நம் கூடையில் சேர வேண்டும். பெற்றோர் அதை இலைக்கடியில் ஒளிக்கக் கூடாது. குழந்தை பார்க்கும்.

இரட்டைக்கொலுசு எழுதியது:

முழுக்க உங்கள் பக்கம் நான். என் பெண்கள் பறித்த காய்களையும் கூடையிலேயே வைத்துத்தான் எடைபோடக் கொடுப்பேன்.

தளிர்நடை எழுதியது:

நேற்று போய் வந்தோம். இடையில் இருபத்திரண்டு நாள்.

முதலில், அன்று இரவே அவளிடம் சொன்னேன். அம்மா கத்தியது தப்பு, பூ அழகு என்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது, "அம்மா, பூ கீழே கிடக்கிறதா?" என்று கேட்டாள். இத்தனை நாளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ.

எட்டு மணிக்குப் போய்விட்டோம். வைக்கோல் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. எந்த வரிசையில் உட்காரலாம் என்று கேட்டேன். தோட்டத்து அம்மா ஒருவர் கூடவே வந்து ஓர வரிசையைக் காட்டிவிட்டுப் போனார். வீட்டிலிருந்து அவளுடைய சின்னக் கிண்ணத்தைக் கொண்டுபோயிருந்தோம். முதல் பத்து நிமிடம் என் மடியை விட்டு இறங்கவே இல்லை, கைகளை மடக்கி வைத்திருந்தாள். நானும் வற்புறுத்தவில்லை. ஒரு பழத்தைக் கிள்ளி அவள் இடக்கையில் வைத்து, "இதற்கு ஒரு தங்கை இருக்கிறாளாம்" என்றேன்.

இறங்கினாள். ஒவ்வொரு செடியிலும் கையிலிருந்ததை ஒட்டவைத்துப் பார்த்தாள். ஒன்று நுனி சிவந்து கழுத்து வெளுத்திருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது தங்கை இல்லை, பாப்பா" என்று இலையை இழுத்து மூடினாள். அடுத்ததில் கிடைத்தது. கிள்ளத் தெரியவில்லை, நகம் வழுக்குகிறது. நான் காம்பைப் பிடித்துக்கொள்ள, அவள் நாக்கை வெளியே துருத்தி, இரண்டு கைகளாலும் கிள்ளினாள். நான்காவது பழத்துக்கு என் கையைத் தள்ளிவிட்டாள்.

முப்பத்தைந்து நிமிடம். பதினேழு பழம், மூன்று செங்காய். நேர்கோடு ஐயா, மூன்றையும் கூடையில் வைத்தோம். ஒன்றைக் கடித்துப் பார்த்து உடம்பெல்லாம் சிலிர்க்கத் துப்பிவிட்டு, மறுபடி அதையே கடித்தாள். பிறகு முயல்களைப் பார்த்தோம், சோப்பு போட்டுக் கை கழுவினோம்.

திரும்பும்போது முன்பு உட்கார்ந்த பாத்தி வழியாக வந்தோம். நின்றுவிட்டாள். எந்தச் செடி என்று எனக்கு நினைவில்லை. அவள் குந்தி உட்கார்ந்து, ஒரு பூவை விரல் நுனியால் தொட்டு, நடுவிலிருந்த மஞ்சளை எனக்குக் காட்டினாள். இந்தத் தடவை நானும் குந்தினேன். அதன் மேல் ஒரு சிறு வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. அது மறுபக்கம் இறங்கும் வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.